கூட்டம் என்றால் மற்றவர்கள்தானே! ஊட்டி இ-பாஸும் நம் சுற்றுலாப் பொறுப்பும்

மே மாதத்தில் ஊட்டி போய்விட்டு வந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஐயோ, ஒரே கூட்டம்!" சொல்பவர் ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போய், தாவரவியல் பூங்கா வாசலில் முக்கால் மணி நேரம் ஹாரன் அடித்துவிட்டு வந்தவராக இருப்பார். அவர் கணக்கில் கூட்டம் என்பது முன்னால் நின்ற வண்டி. முன்னால் நின்றவர் கணக்கில் அது இவர். இந்தக் கணக்குக் கோளாறு நாம் பேசித் தீர்க்கிற அளவில் நிற்காமல் நீதிமன்றம் வரை போனதுதான் இ-பாஸின் கதை.

2024 ஏப்ரல் இறுதியில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என்.சதீஷ்குமார், டி.பரத சக்கரவர்த்தி அமர்வின் முன் நீலகிரிக்கு வந்துபோகும் வண்டிகளின் கணக்கு வைக்கப்பட்டது. சீசன் நாட்களில் ஒரு நாளைக்கு 20,000 வண்டிகள் வரை வருகின்றன என்றது அந்தக் கணக்கு. வண்டிக்கு நாலு பேர் என்று குறைத்து வைத்தாலும் 80,000 பேர். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகையே 88,000 சொச்சம்தான். கிட்டத்தட்ட இன்னொரு ஊட்டியே தினமும் காலையில் கிளம்பி மலையேறி வருகிறது, வந்த கையோடு "டாய்லெட் எங்கே?" என்று கேட்கிறது. மே 7 முதல் ஜூன் 30 வரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அது நீட்டிக்கப்பட்டது.

இ-பாஸ் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு 2020 நினைவுக்கு வந்து அடிவயிற்றைக் கலக்கியது. கல்யாணமா, சாவா, வைத்தியமா என்று காரணம் கேட்ட கொரோனா காலத்து இ-பாஸ் வேறு, இது வேறு. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கல் என்று சொன்னால் போதும். முதல் வருடம் விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது. வரம்பு எதுவும் இல்லை. ஆகவே அப்போது அதனால் கூட்டத்தைக் குறைக்க முடியவில்லை, எண்ண மட்டுமே முடிந்தது. அதைக்கூடச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். "சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர்" என்ற செய்தித்தாள் தலைப்புதான் அதற்கு முன்பு பெரும்பாலும் நமக்குக் கிடைத்த புள்ளிவிவரம்.

2025 மார்ச்சில்தான் எண்ணிக்கை வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை. அடுத்த நாளே, ஏப்ரல் 2 அன்று, நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு செய்தார்கள். மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும் வேலை சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் கொடுக்கப்பட்டது.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கூட்டம் குறைவாக வரும் செவ்வாய்க்கிழமைக்கு 6,000, நெரிசலில் மூச்சு முட்டும் சனிக்கிழமைக்கு 8,000. சனிக்கிழமை மலை பெரிதாகிவிடுமா என்ன? வரம்பு வைத்தாக வேண்டும், வருகிறவர்களின் மனமும் கோணக்கூடாது, கடைக்காரர்களும் பிழைக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் நடுவில் கண்ட சமரசம் இது. இன்னொன்று: எண்ணப்படுவது வண்டி, மனிதர் அல்ல. புதுமணத் தம்பதி போகும் காரும் ஒன்று, பதினெட்டுப் பேர் போகும் டெம்போ டிராவலரும் ஒன்று. அரசுப் பேருந்துக்கு இ-பாஸே வேண்டாம். அதாவது இந்த விதி, யாரும் வெளிப்படையாகச் சொல்லாமலே, "சேர்ந்து வா, பஸ்ஸில் வா" என்கிறது. நமக்கோ அது "சீக்கிரம் அப்ளை பண்ணு, இல்லாட்டி சீட்டு போயிடும்" என்றுதான் காதில் விழுந்தது.

ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும்?

தாங்குதிறன் என்று நிபுணர்கள் சொல்வது ஒற்றை எண் இல்லை. சாலைக்கு ஒரு அளவு, தண்ணீருக்கு ஒரு அளவு, கழிவுநீருக்கு, குப்பைக்கு, படுக்கைக்கு என்று தனித்தனியாக அளவுகள் உண்டு. இவற்றில் எது சின்னதோ அதுதான் மலையின் அளவு. நாமோ எப்போதும் படுக்கையை மட்டும்தான் பார்க்கிறோம். "ரூம் கிடைச்சிருச்சு" என்றால் மலை நம்மைத் தாங்கிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஊட்டிக்கு முக்கியமான குடிநீர் ஆதாரம் பார்சன்ஸ் வேலி. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு, ஏப்ரல் மே மாதங்களில், மலையின் நீர்நிலைகள் வற்றிக் கிடக்கும். சமவெளியில் வெயில் மண்டையைப் பிளப்பதும் நாம் பெட்டி கட்டுவதும் அதே மாதங்களில்தான். மலையில் நீர் மிகக் குறைவாகவும் ஆட்கள் மிக அதிகமாகவும் இருக்கும் பருவம் அது. உள்ளூர்க்காரர் வீட்டுக் குழாயில் சில நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும்போது, விடுதியில் லாரித் தண்ணீர் இறங்கும். அறையில் இருப்பவர் ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, ஹீட்டரில் மூன்றாவது வாளி சுடுதண்ணீர் வரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார். குளிருகிறது என்று சொல்லிக்கொண்டே மூன்று வாளி குளிக்கும் ஒரே இனம் நாமாகத்தான் இருப்போம்.

சாலை இன்னும் சுவாரசியம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சீசனில் காவல்துறை இதை ஒருவழிப் பாதையாக்கி, குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடும். அப்படியும் நெரிசல் தீராது. ஏனென்றால் ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவருக்கு மேகம் தெரிந்துவிடும். மேகம் தெரிந்தால் வண்டி நிற்க வேண்டும், இறங்க வேண்டும், கையை விரிக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். பின்னால் நிற்கும் வரிசையில் கோவை மருத்துவமனைக்கு நோயாளியோடு இறங்க வேண்டிய ஆம்புலன்ஸும் இருக்கலாம், பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகளின் பேருந்தும் இருக்கலாம். ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வரும் வரை பெரிய சிகிச்சை எதுவானாலும் கீழே இறங்கிப் போவதுதான் அந்த ஊர்க்காரர்களின் வழக்கமாக இருந்தது. அவர்களுக்கு இது காட்சிமுனை இல்லை, தினசரி வழி.

அதே பாதையில் பர்லியாறு பக்கம் இன்னொரு தரப்பும் சீசனுக்கு வரும். பலாப்பழ சீசனுக்கு. கோடையில் பலா பழுக்கும் வாசனை பிடித்து யானைகள் மேலே ஏறி வருவது வருடா வருடம் நடப்பது. இ-பாஸ் வாங்காமல் வருகிறார்கள் என்பதைத் தவிர அவர்கள் மேல் வேறு குற்றம் சொல்ல முடியாது. நாம்தான் அவர்களைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஹாய்" சொல்லி, பிளாஷ் அடித்து, தும்பிக்கை நம் பக்கம் திரும்பியதும் "அண்ணே எடுங்க எடுங்க!" என்று ஓட்டுநரைப் பிறாண்டுகிறோம்.

2025 ஆகஸ்டில் பந்திப்பூர் காட்டுச் சாலையில் நடந்ததைக் கைப்பேசியில் பார்க்காதவர்கள் குறைவு. கேரட் தின்றுகொண்டிருந்த யானைக்குப் பக்கத்தில் ஒருவர் செல்ஃபி எடுக்கப் போனார். யானை துரத்தியது. தடுக்கி விழுந்தார், மிதிபட்டார், கால்சட்டை பாதியில் கழன்றது, உயிர் மட்டும் பிழைத்தது. வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. நான் கவனித்தது வேறொன்றை. யானை அவரை விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. மனிதர்களிடம் அந்த அளவு பெருந்தன்மையை நான் டோல்கேட்டில்கூடப் பார்த்ததில்லை.

எல்லா முறையும் கதை இப்படிச் சிரிப்பில் முடிவதில்லை. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த காட்டுயானை மேல் எரியும் டயரை வீசினார்கள். அது செத்தது. அந்தச் சீகூர் பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் வந்துபோகும் வழித்தடம். வழித்தடத்தில் விடுதிகள் இருக்கக்கூடாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. "காட்டுக்கு நடுவில் தங்கல், ஜன்னலைத் திறந்தால் யானை" என்ற விளம்பரத்தைப் பார்த்து நாம் பதிவு செய்யும் அறை, பல நேரம் யானையின் பாதையில் போட்ட கட்டில்.

மனசாட்சி செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது

பொறுப்பான சுற்றுலா பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மனசாட்சியிடம் பேசுவார்கள். "குப்பை போடாதீர்" என்ற பலகை நீலகிரியில் எல்லா வளைவிலும் இருக்கிறது. அதன் அடியில்தான் குப்பையும் இருக்கும். பலகை வைத்திருப்பதால் அது குப்பை போடும் இடம் என்று அடையாளம் தெரிந்துவிடுகிறதோ என்னவோ.

மது பாட்டில் பெரிய தலைவலியாக இருந்தது. காட்சிமுனையில் உட்கார்ந்து குடிப்பது, குடித்து முடித்ததும் பாட்டிலைப் பள்ளத்தாக்கில் வீசி, உடையும் சத்தம் கேட்டுச் சிரிப்பது என்று ஒரு பொழுதுபோக்கு. உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறியது, மானின் காலைக் கிழித்தது, தேயிலை பறிக்கப் போன பெண்களின் காலையும் கிழித்தது. விழிப்புணர்வு ஊர்வலங்கள் நடந்தன, பள்ளிப் பிள்ளைகள் கோஷம் போட்டார்கள். குடித்திருப்பவரிடம் ஆறாம் வகுப்புப் பிள்ளையை விட்டு உபதேசம் செய்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

பிறகு உயர் நீதிமன்றம் தலையிட்டதில், 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கையில். அவ்வளவுதான். பாட்டில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. வீசியவர் பொறுக்காவிட்டாலும், பத்து ரூபாய் தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு போக யாருக்கும் மனம் வராதே. மிகப் பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின என்பதால் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் போனது. சமவெளியில் சில கடைகளில் ஊழியர்கள் "எங்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம், இதையும் எண்ணி அடுக்க வேண்டுமா" என்று எதிர்த்ததும் உண்டு. அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. ஆனாலும் எண்பது பலகைகள் செய்யாததை ஒரு பத்து ரூபாய் செய்தது என்பதை மறுக்க முடியாது.

என் கட்சி இதுதான்: மனிதர்கள் நல்லவர்களாக மாறும் வரை மலை காத்திருக்க முடியாது. நல்லவராக இருப்பது லாபமாகவும், கெட்டவராக இருப்பது தொந்தரவாகவும் இருக்கும்படி விதியை அமைக்க வேண்டும். அப்புறம் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று ஆராயவே தேவையில்லை.

பிளாஸ்டிக் கதை இதற்கு எதிர்ப்பக்கம். நீலகிரி மாவட்டம் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது 2000-களின் தொடக்கத்திலேயே. அப்போது ஆட்சியராக இருந்தவர் சுப்ரியா சாஹு. தமிழ்நாடு முழுக்க 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல்தான். கிட்டத்தட்ட இருபது ஆண்டு முன்னோடி. சிறிய தண்ணீர் பாட்டில்களும் பின்னர் தடையாகி, ஊர் முழுக்கத் தண்ணீர் ஏடிஎம்கள் வந்தன. கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பைகளைப் பார்க்கிறார்கள், பிடுங்குகிறார்கள், அபராதம் போடுகிறார்கள்.

நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? தண்ணீர் பாட்டிலைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, அதன் மேல் பாட்டியை உட்கார வைத்து, "வயசானவங்க, எழுந்திரிக்க முடியாது சார்" என்று சொல்லும் தந்திரம் சோதனைச் சாவடிக்காரர்களுக்கு மனப்பாடம். நியாயமான சிக்கல் ஒன்றும் உண்டு. முதல் மூன்று வளைவுக்குள் பின்சீட்டில் யாராவது ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டுவார். அந்த நிமிடம் வண்டிக்குள் எல்லோரும் ஒருமித்த குரலில் கேட்பது ஒரே பொருளைத்தான்: "கவர்! கவர் எங்கே?" அந்தக் கவரை என்ன செய்வது என்பது பற்றி எந்த அரசாணையிலும் தெளிவு இல்லை. பெரும்பாலும் அது வளைவைத் தாண்டியதும் ஜன்னல் வழியாகப் பறக்கும். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்ற மாதிரி இதற்கும் ஏதாவது வழி கண்டுபிடிப்பவருக்கு நீலகிரியில் சிலை வைக்கலாம். திருப்பி வாங்கிக்கொள்ளும் கவுன்டரில் உட்காரத்தான் ஆள் கிடைக்காது.

குரங்குக்குச் சிப்ஸ் போடுவதும் இந்த வகைதான். போடுபவருக்குப் புண்ணியம் செய்த திருப்தி. குரங்குக்கோ காட்டுக்குள் போய்த் தேடுவதைவிடச் சாலையோரம் உட்கார்ந்திருப்பது வசதி என்று புரிந்துவிடுகிறது. குட்டியோடு சாலைக்கு வந்து, அடுத்து வரும் வண்டியில் அடிபடுகிறது. இது வனத்துறை அபராதம் போடக்கூடிய குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், "ஒரே ஒரு பாக்கெட்தானே" என்கிறார்கள். வண்டிக்கு ஒரு பாக்கெட் என்றால் 6,000 வண்டிக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

எதைப் பார்க்கப் போகிறோம்?

"இயற்கையைப் பார்க்கப் போனோம்" என்று சொல்லிவிட்டு நாம் காட்டும் படங்களை ஒருமுறை பாருங்கள். பைன் காடு, கற்பூர மரத் தோப்பு, தேயிலைத் தோட்டம், ரோஜாப் பூங்கா, படகு ஏரி. இதில் ஒன்றுகூட மலை தானாக வைத்திருந்தது இல்லை. கற்பூர மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டவை. ஏரியை வெட்டியவர் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், 1823 முதல் 1825 வரையிலான காலத்தில். அந்த ஏரியும் இப்போது பழைய அளவில் இல்லை. ஊட்டி பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் ஒரு காலத்தில் ஏரி இருந்த இடம்தான். பேருந்திலிருந்து இறங்கியதும் "லேக் எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறவர், ஏரிக்குள் நின்றுகொண்டுதான் கேட்கிறார்.

மலைக்கென்று சொந்தமாக இருந்தது சோலைக்காடும் புல்வெளியும். மடிப்புகளில் அடர்த்தியாகச் சோலை, மேட்டில் அலை அலையாகப் புல். மழையை உள்வாங்கி ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது இந்தக் கூட்டணிதான். கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணைக்கு நீர் வருவதும் இந்த மேல்மலையிலிருந்து. ஆனால் வெள்ளைக்காரர்கள் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்து அதில் மரம் நட்டார்கள். நாம் அதே புல்வெளியைப் பார்த்து, "இங்க ஒண்ணுமே இல்லையேப்பா, அடுத்த ஸ்பாட் போலாம்" என்கிறோம்.

மலை தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நீலகிரி காட்டியிருக்கிறது. 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சரிவை வெட்டிக் கட்டடம், ஓடையை மூடிப் பார்க்கிங், அதற்கு மேல் இப்படி ஒரு மழை. கட்டடங்களின் உயரத்துக்கு 7 மீட்டர் என்று வரம்பு இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தானோ என்னவோ, மேலே போக முடியாதவர்கள் சரிவில் கீழ்நோக்கி மாடி கட்டுகிறார்கள்.

நீலக்குறிஞ்சி இன்னொரு பாடம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது மூணாறில் கடைசியாக 2018-இல் பூத்தது. அங்கே அந்த வருடம் கூட்டத்துக்குப் பெரிய ஏற்பாடுகள் நடந்தன, அறைகள் முன்பதிவாயின. ஆகஸ்டில் கேரள வெள்ளம் வந்து மூணாறுச் சாலைகளைத் துண்டித்தது. பூ பாட்டுக்குப் பூத்தது, பார்க்க வேண்டியவர்கள் பணம் திரும்பக் கேட்டுப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை 2030. பூத்த சரிவின் இடத்தை லொகேஷனோடு பதிவேற்றுவதற்கு இப்போதே யாராவது டிரோன் வாங்கியிருப்பார்கள்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்துகளுக்குப் போகிறவர்கள் நடந்துகொள்வதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மந்து என்பது அவர்கள் குடியிருக்கும் ஊர், கோயில் இருக்கும் இடம். நம் பயணப் பட்டியலில் அது பத்தரை மணிக்குப் பூங்கா, பன்னிரண்டுக்குத் தோடர், ஒன்றுக்குச் சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊட்டியிலிருந்து இரண்டு பேருந்து ஆட்கள் உங்கள் வேளச்சேரி அடுக்ககத்துக்கு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தள்ளி, நைட்டியோடு நிற்கும் உங்கள் அத்தையைப் பிடித்து நிறுத்திப் படம் எடுத்து, "இவங்க பாரம்பரிய உடை" என்று பிள்ளைகளுக்கு விளக்கினால் எப்படியிருக்கும்? பிறகு பூஜை அறைக்குள் எட்டிப் பார்த்து, "உள்ளே போலாமா?" என்று கேட்காமலே போனால்? தோடர் பெண்கள் கறுப்பும் சிவப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு. கடைவீதியில் அதே மாதிரி மெஷினில் போட்டது முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அசலுக்கு விலை சொன்னவரிடம் "ஊட்டியில எல்லாமே ஏமாத்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வருகிறோம்.

வேறு ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

கூட்டத்தால் அல்லல்படுவது ஊட்டி மட்டும் இல்லை. 2024 ஜூலையில் பார்சிலோனா நகரத்து மக்கள், ஓட்டலின் வெளியே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்தார்கள். வீட்டு வாடகை ஏறி, சொந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை என்பது அவர்கள் கோபம். ஜப்பானில் ஒரு சிற்றூரில், கடைக்குப் பின்னால் ஃபூஜி மலை தெரியும் கோணத்தில் படமெடுக்க மொய்த்தவர்கள் சாலையை மறித்ததால், அதே ஆண்டு மே மாதம் இரண்டரை மீட்டர் உயரத்தில் கறுப்புத் திரை கட்டினார்கள். சில நாளில் திரையில் ஓட்டைகள். கேமரா நுழையும் அளவுக்குக் கச்சிதமான ஓட்டைகள். மனித குலத்தின் மீது எனக்கு நம்பிக்கை வந்ததும் போனதும் அந்தச் செய்தியில்தான்.

வெனிஸ் நகரம் பகலில் வந்துபோகிறவர்களுக்குக் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தது. கூட்டம் குறையவில்லை என்று உள்ளூர்க்காரர்களே குறைப்பட்டார்கள். அவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தவர் ஒரு காப்பி விலைக்குப் பயந்து திரும்பிப் போவாரா? பூட்டான் இன்னொரு கோடி: வெளிநாட்டவருக்கு ஒரு இரவுக்கு 100 டாலர், இந்தியர்களுக்கு 1,200 ரூபாய்.

நீலகிரிக்கும் இப்படிப் பெரிய கட்டணம் வைத்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் இருப்பவர் மட்டும் மலையேறுகிற ஊட்டி ஏற்கெனவே இருந்தது. 1870 முதல் அது சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம். துரைமார்கள் மேலே காற்று வாங்க, நம்மவர்கள் பல்லக்குத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வருடத்தில் ஒரே ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரசுப் பேருந்தில் போகும் திருப்பூர் பனியன் தொழிலாளி குடும்பம் மலைக்குப் பாரம் இல்லை. பாரம் என்னவென்று பார்த்தால், ஆளுக்கொரு காரில் வந்து, காட்டு விளிம்பில் நீச்சல் குளத்தோடு அறை எடுத்து, இரண்டு நாளில் பதினோரு ஸ்பாட் முடிப்பவர்கள்தான். எண்ணிக்கை வரம்பு, கட்டணத்தைவிட நேர்மையானது. அதிலும் பேருந்துக்கு விலக்கு கொடுத்திருப்பது சரியான முடிவு.

ஆனால் கடையடைத்த வியாபாரிகளை வில்லன்களாக்குவதும் தப்பு. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து சிறு விவசாயிகள் சரியாக எழுந்திருக்கவில்லை. தேயிலை கைவிட்டபோது டாக்ஸி ஓட்டியும், வர்க்கியும் சாக்லேட்டும் விற்றும், வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டும் பிழைத்தவர்கள் அவர்கள். வரம்பு வந்தால் பெரிய ரிசார்ட் அறை விலையை ஏற்றிக்கொண்டு சமாளிக்கும். சுண்டல் விற்பவர் எதை ஏற்றுவார்? வண்டி குறையும்போது, வருகிறவர் கூடுதல் நாள் தங்கிக் கூடுதலாக உள்ளூரில் செலவு செய்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். இரண்டு நாள் பயணம் நாலு முறை போவதற்குப் பதில், நாலு நாள் இரண்டு முறை. அதே எட்டு நாள், மலைப்பாதையில் பாதி ஏற்ற இறக்கம்.

போவது என்று முடிவெடுத்தால், நடைமுறை சுலபம். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் விடும். 7:10-க்கு மலை ரயில். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் போடப்பட்ட பாதை, 208 வளைவு, 16 குகை, பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் வண்டி, 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அவசரக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் வழியில் மேகம் தெரிந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், கையை மட்டும் வெளியே நீட்டாதீர்கள். மேலே போனபின் உள்ளூர்ப் பேருந்துகள் உண்டு, ஆட்டோ உண்டு, கால்களும் உண்டு. முடிந்தால் மே மாதத்தை விட்டுவிட்டு செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசனுக்குப் போங்கள். பூங்காவில் பூவும் இருக்கும், ஊர்க்காரர்களுக்கு நம்மிடம் நின்று பேச நேரமும் இருக்கும்.

மலை ரயிலுக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஊட்டி பஸ் நின்றுகொண்டேதான் இருக்கும். இ-பாஸ் கேட்கமாட்டார்கள். ஜன்னல் ஓரம் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டரிடம் கவர் கேட்டுப் பிரயோஜனமில்லை.